கொக்கு என்று ஒரு பறவை இல்லை

காலையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்க வருகிற யாரையாவது நிறுத்தி, கீழே தண்ணீரோரம் நிற்கும் வெள்ளைப் பறவையைக் காட்டி அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். கொக்கு என்பார்கள். சற்றுத் தள்ளி இடுப்பளவு உயரத்தில் நிற்பதும் கொக்குத்தான். வவுணதீவுப் பக்கம் எருமையின் முதுகில் குந்தியிருப்பதும் கொக்கு, புல்லோடு புல்லாக மண்நிறத்தில் ஒடுங்கி நிற்பதும் கொக்கு. பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து பறவைகளாவது இருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாளில் ஒருவருக்குப் பறவை பார்க்கும் கண் வந்துவிட்டது என்பேன். அதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரத்துக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்திலேயே பழகலாம்.

சின்ன வெள்ளைக் கொக்கிலிருந்து தொடங்குவோம். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் நல்ல மஞ்சள். தண்ணீருக்குள் நிற்கும்போது பாதம் தெரியாது, அது காலைத் தூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பாதத்துக்கு ஒரு வேலையும் உண்டு. ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றுக்குள் நடுக்கி நடுக்கிக் கலக்கும். அடியில் பதுங்கியிருந்த இறாலும் மீன்குஞ்சும் பதறிக் கிளம்ப, அலகு இறங்கும். அப்புறம் இரண்டு அடி நகர்ந்து மற்றக் காலால் அதே வேலை. முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், அதுவரை கொக்கு அசையாமல் நின்றுதான் மீன் பிடிக்கும் என்று நம்பியிருந்தேன்.

பெரிய வெள்ளைக் கொக்குதான் உறுமீன் வரும்வரை அசையாமல் நிற்பது. கழுத்தின் நடுவில் முடிச்சு விழுந்ததுபோல ஒரு மடிப்பு இருக்கும். வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்குக் கீழே நில்லாமல் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். அதே கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் அது நடுத்தரக் கொக்கு. மாட்டோடும் உழவு மிஷினோடும் திரிகிற, கட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகும் கொண்டது உண்ணிக் கொக்கு. இனப்பெருக்க காலம் வந்தால் அதன் தலையும் மார்பும் செம்மஞ்சளாகிவிடும். ஐந்தாவது குருட்டுக் கொக்கு. கிட்டப் போகும்வரை பறக்காமல் நிற்பதால் கண் தெரியாததென்று பெயர் வந்திருக்க வேண்டும். உண்மையில் அது நம்மை முதலிலேயே கண்டுவிடும். தன் மண்நிறக் கோடுகளை நம்பித்தான் அப்படி நிற்கிறது. காலடியிலிருந்து திடீரென்று கிளம்பி இறகை விரித்தால் முழுக்க வெள்ளை! இவ்வளவு வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

காகமும் இரண்டு வகை. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது ஊர்க்காகம். முழுக்கக் கறுத்து, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காகம். சனிக்கிழமை விரதத்துக்குச் சோறு வைக்கிற வீட்டுக்காரர் யாருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்று ஒரு பறவையை அழைத்து, அது வரும்வரை பார்த்திருந்து, பிறகு சாப்பிட உட்கார்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. பறவை பார்ப்பது வெளியூர்ப் பழக்கம் என்று யாரும் சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

குயில் கதை இன்னும் சுவாரசியமானது. கூவுகிற கறுப்புக் குயில் ஆண். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. அதைக் கண்டு வேறேதோ பறவை என்று கடந்து போகிறவர்கள்தான் அதிகம். குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். ஆகவே காகம் கூடு கட்டும் மாதங்களில்தான் குயிலின் கூவலும் உச்சத்துக்குப் போகிறது. உங்கள் வளவில் ஒரு காகம் தன் குஞ்சல்லாத ஒன்றுக்குத் தீனி ஊட்டுவதைப் பார்க்க முடிந்தால், வனவிலங்குப் படங்களில் காசு செலவழித்துக் காட்டுகிற ஒன்றை இலவசமாகப் பார்த்தவர் ஆவீர்கள்.

இலங்கையில் 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்தத் தீவில் மட்டுமே வாழ்கிற 30க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும்தான் இருக்கின்றன. அதனால் பறவை பார்ப்பதென்றால் சிங்கராஜாவுக்குப் போக வேண்டும், அல்லது அம்பாறை மாவட்டத்தில் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குமணைக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குமணைக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள். ஆனால் பழகுவதற்கு ஏற்ற இடம் நம் வாவிதான்.

காரணம் நீரின் ஆழம். நீர்ப்பறவைகள் ஒரே கரையில் நின்றாலும் ஒரே இடத்தில் உண்பதில்லை. காலின் நீளம் எவ்வளவு ஆழத்துக்குள் இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது, அலகின் நீளம் சேற்றுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை. கட்டை அலகுள்ள சிறிய உள்ளான்கள் ஈரச் சேற்றின் மேலே ஓடி, நின்று, கொத்தி, மறுபடி ஓடும். நீண்ட அலகுள்ளவை கணுக்கால் தண்ணீரில் நின்று அலகு முழுவதையும் ஊசி போலச் செருகும். அதற்கும் அப்பால் சிவந்த நெடுங்கால்களோடு பவளக்காலி நிற்கும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் இன்னும் ஆழத்தில். 56 கிலோமீற்றர் நீளமான, பெரும்பகுதி ஆழம் குறைந்த வாவி இத்தனை பேருக்கும் பந்தி விரித்து வைத்திருக்கிறது.

அந்தப் பந்தி நிலையானதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழை கொட்டும்போது வாவி நிறைந்து சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். அந்நேரம் உள்ளான்கள் வயல்களுக்குப் போய்விடும், நடுவாவியில் தாராக்கள் கூடும். வெள்ளம் ஏறி முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் நீர்மட்டம் இறங்கிப் புதிய சேறு வெளியே வரும். அந்தச் சேற்றைப் பற்றிப் பறவைகள் எப்படித்தான் சேதி அனுப்பிக்கொள்கின்றனவோ, வந்து இறங்கிவிடும். மீன்பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாலமீன்மடுவில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் உள்ளான் எங்கே என்று கேட்டேன். “தம்பி, இண்டைக்கு ஆத்துத் தண்ணி வத்திக் கிடக்கு. அந்தக் கண்டலுக்கு அங்கால போய்ப் பாருங்க” என்றார். போனேன், நின்றன.

வெளிச்சத்தைப் பற்றி நம் ஊர்ப் பெயர்களே பாடம் சொல்கின்றன. பறவையின் நிறம் தெரிய வேண்டுமென்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். அப்படியானால் காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே வாவியைப் பாருங்கள். மாலையில் பாலத்தைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே திரும்பி நில்லுங்கள். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் காலைக்கு. வவுணதீவும் மண்முனைப் பாலத்துக்கு அப்பாலுள்ள கரையும் மாலைக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்குப் புளியந்தீவில் கோட்டையைச் சுற்றியுள்ள கரையும் காந்திப் பூங்காவும் போதும். அங்கே நின்றால் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று, தலைகீழாகப் பாய்வதைக் காணலாம். நம் மீன்கொத்திகளில் இப்படி அந்தரத்தில் நிற்பது அதன் வழக்கம், மற்றவை கம்பியிலோ கொப்பிலோ காத்திருந்து பாய்பவை.

இனி வெளியூர்க்காரர்கள். ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வட ஆசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பறவைகள் இங்கே வருகின்றன. வலசைப் பறவைகள் பறந்து வருகிற மத்திய ஆசிய வான்பாதையின் தெற்கு முனையில் இருக்கிறது இலங்கை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான், ஆகவே வருகிறவை இங்கே தங்கித்தான் ஆக வேண்டும். உள்ளான்களும் தாராக்களும் வருவது பலருக்குத் தெரியும். வீட்டு வளவுக்கே வருகிற ஒன்றைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு ஒக்டோபர் விடியற்காலை. அடுப்படிக்குப் பின்னால் ‘தொப்’ என்று ஒரு சத்தம். தேங்காய்க் குரும்பை விழுந்திருக்கும் என்று அம்மா விளக்குமாற்றோடு போனவர், “மகன், இஞ்ச ஓடி வா” என்று கூப்பிட்டார். வெள்ளைச் சுவரடியில் கண்ணை அரைவாசி மூடியபடி ஒரு பறவை. புலுனியை விடக் கொஞ்சம் சிறியது, வாலே இல்லையோ என்கிற அளவுக்குக் கட்டை வால். முதுகு பச்சை, தோளில் மின்னுகிற நீலம், மார்பு சந்தன நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே மைக்கோடு. ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருவது. இரவில் பறப்பது. சில வேளை 2000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து களைத்து வருகிற குருவிக்கு நம் வீட்டு வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் கண்ணாடி யன்னலும் புரிவதில்லை. மோதி விழுந்துவிடுகிறது.

இப்படி ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு காட்போட் பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, மூடி, பூனையும் பிள்ளைகளும் போகாத இருட்டான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. பெட்டிக்குள் அசைகிற சத்தம் கேட்டதும் மர நிழலுக்குக் கொண்டுபோய்த் திறந்து வைத்தால் அதுவே போகும். சிறகு முறிந்திருந்தால் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியரிடமோ கொண்டு போங்கள். எங்கள் குருவி பத்து மணிக்குப் பெட்டியை விட்டு வெளியே குதித்து, வேலியடியில் கிடந்த சருகுக்குள் போனது. போனதும் அது செய்த முதல் வேலை, ஒரு பூவரசஞ் சருகை அலகால் புரட்டிப் போட்டு ஒரு புழுவை எடுத்தது. அதைப் பார்த்த பிறகுதான், பறவையை வரவேற்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

நாம் வரவேற்பு என்றால் தீனி வைப்பதை நினைக்கிறோம். பறவைகளுக்குத் தேவை அதற்கு முந்தியது: ஒதுங்க ஓர் இடம். முன்பு நம் வளவுகளைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் நின்ற உயிர்வேலி இருந்தது. தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியது அதில்தான். புலுனிக் கூட்டம் ஏழெட்டாய்ச் சேர்ந்து சருகு கிளறியது அதனடியில். முள்முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாய்ப் பூக்கும்போது தேன்சிட்டும் மைனாவும் மாம்பழக் குருவியும் வந்து போயின. இன்று அநேகமாக எல்லா வீட்டுக்கும் மதில். பாதுகாப்புக்கும் காணிச் சண்டை தீர்வதற்கும் மதில் தேவைப்படுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மதிலுக்கு உள்ளே ஓரமாக மூன்றடி அகலத்தில் அந்த வேலிமரங்களை நடுவதை மதில் தடுக்காது. தடி வெட்டி நட்டாலே துளிர்க்கிற மரங்கள் அவை.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஜாம் மரம் வையுங்கள். விரைவாக வளரும், வருடம் முழுக்கப் பழுக்கும். பிள்ளைகளும் பறிக்கலாம். கொண்டைக்குருவி, குயில், மைனா எல்லாம் வரும். கட்டைவிரல் அளவேயான பூச்சிட்டு ‘டிக் டிக்’ என்று சொல்லிக்கொண்டு வந்து பழத்தைப் பிழிந்து சாறு குடிக்கும். இரவில் வௌவாலும் வரும், அதையும் விரட்ட வேண்டாம்.

தண்ணீர் வைப்பதைச் சரியாகச் செய்ய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கிற காலத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர் பெரிய உதவி. சட்டி அகலமாகவும் இரண்டு விரல் ஆழத்துக்கு மேற்படாமலும் இருக்கட்டும், நடுவில் ஒரு கல் வையுங்கள். ஆழமான வாளியில் சின்னக் குருவிகள் விழுந்து செத்துப்போகும். டெங்கு பயத்தில் பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு கிழமையாவது வேண்டும். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உட்பக்கத்தைத் தும்பால் தேய்த்துவிட்டு நிரப்பினால் பயமில்லை. தேய்ப்பது முக்கியம், முட்டை சட்டியின் சுவரில்தான் ஒட்டியிருக்கும். தினமும் செய்ய முடியாதென்றால் தண்ணீர் வைக்காமலே விடுவது நல்லது.

சிட்டுக்குருவிக்கு முட்டி கட்டித் தொங்கவிடுகிற வழக்கம் நம் கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறது. குருவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது, கலைக்கக் கூடாது என்று அம்மம்மாக்கள் சொன்னதால் தப்பியிருக்கிற பறவை அது. முட்டியில் துளை மூன்றரை, நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், வெயில் நேராக அடிக்காத தாழ்வாரத்தில் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுங்கள். தானியம் தின்கிற குருவிதான், ஆனாலும் அதன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும் வேண்டும். வளவு முழுக்க மருந்தடித்துவிட்டு முட்டி மட்டும் கட்டினால் குஞ்சு பிழைக்காது.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. காகத்துக்கு ஒரு கைப்பிடி வைப்பது வேறு, மிச்சச் சாப்பாட்டைத் தெருமுனையில் கொட்டுவது வேறு. குப்பை பெருகினால் காகம் பெருகும், காகம் பெருகினால் மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்குத் தீனியாகும். வாவிக்கரையில் நான் கண்டு மனம் நொந்தது இன்னொன்று: தடைசெய்யப்பட்ட தங்கூசி (நைலோன் இழை) வலையின் அறுந்த துண்டுகள். கண்டல் வேரில் சிக்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. காலில் தங்கூசி இறுகி, ஒற்றைக்காலில் நொண்டுகிற நீர்க்காகத்தைக் கிட்டப் போய் விடுவிக்கவும் முடியாது. நடக்கப் போகும்போது கண்டால் ஒரு பையில் சுருட்டி எடுத்து வாருங்கள்.

கருவிகளைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும். நாள், நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் எப்படி இருந்தன என்று கீறி வையுங்கள். ஆசை நிலைத்த பிறகு பைனாகுலர் வாங்கலாம். 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம் என்று அர்த்தம். பெருக்கம் கூடக் கூட நல்லது என்று கடையில் சொல்வார்கள். எட்டுக்கு மேலே போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பறக்கிற பறவையைப் பிடிப்பது கஷ்டம். பழகுகிறவருக்கு எட்டே சரி.

தொலைபேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதும் எழுதிவிடாமல் பறவையைக் கண்ணால் கண்டு உறுதிசெய்யுங்கள். பார்த்ததைப் பதிய ஈபேர்ட் என்ற இணையத்தளம் இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2002இல் அதைத் தொடங்கியது, இன்று உலகெங்குமுள்ள பறவை ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976இல் உருவான களப் பறவையியல் குழுவும் நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் நின்று வருடக்கணக்கில் எண்ணி எழுதுகிற ஆட்கள் இருந்தால்தான், நாளைக்கு வாவியை நிரப்பிக் காணியாக்க யாரும் வரும்போது, இங்கே என்ன இருந்தது என்று காட்ட நம் கையில் ஒரு தாள் இருக்கும்.

எங்கள் வீட்டில் அந்த ஆறுமணிக்குருவி வந்துபோன பிறகு ஒரு மாற்றம் நடந்தது. நம் ஊரில் வளவு கூட்டாத வீட்டைப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாய்க் கதைப்பார்கள். அம்மாவும் விடிந்தால் முழு வளவையும் ஈர்க்குமாற்றால் கோடு விழக் கூட்டுகிறவர். இப்போது ஜாம் மரத்தடியில் பாய் அளவு இடத்தை மட்டும் கூட்டாமல் விட்டுவிடுகிறார். ஒக்டோபர் பிறந்து, அங்கே சருகு புரளுகிற சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு யன்னலுக்கு முதலில் ஓடுவது அவர்தான்.